மாசி வீதிக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடிக்க இடம் இருக்கிறதா, இல்லையா?

மேலமாசிக்காரன்:
மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனத் தடை பற்றி ஓடிக்கொண்டிருக்கும் விவாதத் திரியில் 'தல்லாகுளம் வாசகி' போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "மதுரையின் நடுவில் உட்கார்ந்து காபி குடிக்க ஓர் இடம்கூட இல்லை. ஒரு மணி நேரம் யாரோடாவது பேச வேண்டுமென்றால் வைகையைத் தாண்டி அண்ணா நகருக்கோ கே.கே. நகருக்கோ போய்த்தான் ஆக வேண்டும்" என்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால் தனித் திரி தொடங்குகிறேன்.

ஓர் இடம்கூட இல்லையா? ரயிலை விட்டு இறங்கி மேல வெளி வீதியைக் கடந்தால் டவுன் ஹால் ரோடு. அந்த ஒரு ரோட்டில் எத்தனை சாப்பாட்டுக் கடைகள்! விடிவதற்கு முன்பே பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை, சிம்மக்கல்லில் கோனார் கடைக் கறிதோசை, ரயில் நிலையத்துப் பக்கம் பிரேம விலாஸ் அல்வா, விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. முருகன் இட்லிக் கடை பிறந்ததும் இந்த ஊரில்தான். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று சங்கப் பாட்டில் இடம்பிடித்த ஊரில் காபி குடிக்க இடமில்லை என்று எழுத எப்படிக் கை வந்தது?

தல்லாகுளம் வாசகி:
என் வரியை முழுதாக எடுத்துப் போட்டுவிட்டுப் பாதிக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறீர்கள். "உட்கார்ந்து" என்றேன். "ஒரு மணி நேரம்" என்றேன். இரண்டும் உங்கள் கண்ணில் படவில்லை. நீங்கள் அடுக்கியதில் அல்வா இருக்கிறது, கறிதோசை இருக்கிறது, சங்கப் பாட்டும் இருக்கிறது. நாற்காலி எங்கே? அல்லங்காடியில் நாற்காலி போட்டிருந்தார்களா?

இரண்டு பெண்கள் ரயிலுக்குக் காத்திருக்கும்போது ஆளுக்கொரு காபியோடு பேசிக்கொண்டிருக்க முடிகிற கடை ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். டம்ளர் காலியானதும் மேசை துடைக்கும் ஆள் தலைமாட்டில் வந்து நிற்கக் கூடாது. ஒரு பெயர் போதும்.

மேலமாசிக்காரன்:
டிபன் நேரம் முடிந்து மூன்று மணிக்கு எந்த ஓட்டலிலும் போய் உட்காருங்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள். கூட்ட நேரத்தில் போய்விட்டு இடமில்லை என்றால் அது கடையின் குற்றமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தல்லாகுளம் வைகைக்கு வடக்கே இருக்கிறது. தமுக்கம் மைதானத்தைத் தாண்டி நகருக்குள் என்றைக்காவது வருகிறவர்கள் மாசி வீதியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

தல்லாகுளம் வாசகி:
பெயர்?

கல்லாப்பெட்டி:
மாசி வீதிகளில் ஒன்றில் எங்கள் குடும்பம் சிற்றுண்டிக் கடை நடத்தியது. இப்போது இல்லை. கல்லாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த வீதிகளில் ஓட்டல் நடப்பது காபியால் இல்லை, மேசை காலியாகும் வேகத்தால். ஒரு மேசையில் நாலு பேர் இட்லி, பொங்கல், காபி என்று முடித்து எழுந்து, அடுத்த நாலு பேர் உட்கார வேண்டும். காலை ஏழிலிருந்து பத்துக்குள் அது எத்தனை முறை நடக்கிறதோ அதில்தான் வாடகை, பால், எரிவாயு, சம்பளம் எல்லாம். ஒரு மணி நேரம் உட்கார இடம் கொடுக்க வேண்டுமென்றால் காபிக்கு அந்த ஒரு மணி நேரத்து வாடகையைச் சேர்த்து விலை போட வேண்டும். அண்ணா நகர்க் கடைகள் அதைத்தான் செய்கின்றன. மாசி வீதியில் அந்த விலையைச் சொன்னால் இதே மேலமாசிக்காரர்தான் முதலில் சண்டைக்கு வருவார்.

மேலமாசிக்காரன்:
வருவேன். ஏன் வரக் கூடாது? நுரை ஊதிய பாலில் இலைப்படம் போட்டுக் கொடுப்பதற்கு எதற்கு அந்த விலை? இங்கே பித்தளை ஃபில்டரில் இறக்கிய முதல் டிகாஷன், டபராவில் ஆற்றினால் தெரு முனைவரை மணக்கும். அதைக் குடித்துப் பழகியவர்களுக்கு ஒரு மணி நேரம் தேவைப்படாது.

சிக்கரி எதிரி:
முதல் டிகாஷனா? அண்ணே, உங்கள் வீதியில் அந்த மணம் எதிலிருந்து வருகிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அப்படியென்றால் 49 சதவீதம் வரை சிக்கரி போடலாம். விலை குறைந்த காபி தரும் கடை எந்தப் பக்கம் சாயும்? கறுப்பாக, கெட்டியாக இறங்குவதைப் பார்த்து "ஸ்ட்ராங்" என்று நாக்கைச் சுழற்றுகிறவர்கள் சிக்கரியைத்தான் புகழ்கிறார்கள். கலப்பில்லாத பீபெரி (ஒற்றை உருண்டைக் கொட்டை) காபித் தூளில் இறக்கிக் கொடுக்கும் கடை நகருக்குள் வேண்டும். நாற்காலி இரண்டாவது பிரச்சினை.

தல்லாகுளம் வாசகி:
நாற்காலிதான் முதல் பிரச்சினை. திரியின் தலைப்பைப் படியுங்கள்.

கொங்குச் சாரல்:
மதுரைக்காரர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து ஒன்று சொல்லலாம் என்று வந்தேன். கோவையில் அன்னபூர்ணாவில் போய் உட்காருங்கள் அம்மணி. காபி, சாம்பார் வடை, குடும்பத்தோடு பேச்சு என்று பொழுது போகும். தொழில் பேச்சுக்கள் எத்தனையோ அந்த மேசைகளில் நடந்திருக்கின்றன. அந்தப் பண்பாடு உங்கள் ஊரில் வளரவில்லை. பரோட்டாக் கல்லைச் சுற்றி நிற்கிற ஊர்தானே?

மேலமாசிக்காரன்:
வந்துவிட்டார்! மதுரையைப் பற்றிப் பேச்செடுத்தால் கோவையிலிருந்து ஓர் ஆள் வராமல் இருந்தது உண்டா? பரோட்டாக் கல்லைச் சுற்றி நிற்கிற ஊர் என்கிறீர்களே, நள்ளிரவில் பசியோடு பஸ்ஸை விட்டு இறங்கிய மனிதனுக்கு அந்தக் கல்தான் சோறு போடும். உங்கள் ஊரில் அந்த நேரத்தில் யார் போடுகிறார்கள்? நிற்பதில் என்ன இழிவு? உழைக்கிற சனம் நின்று சாப்பிடும். சுமை இறக்கிவிட்டு நின்றபடி பருத்திப்பால் குடிக்கிறவரைப் போய்ப் "பண்பாடு இல்லாதவர்" என்று சொல்லிப் பாருங்கள்.

கொங்குச் சாரல்:
பருத்திப்பாலை நான் குறை சொல்லவில்லை. உட்கார இடம் எங்கே என்று உங்கள் ஊர்ப் பெண்தான் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லாமல் என் மேல் பாய்கிறீர்கள்.

பத்துத்தூண் சந்து:
உழைக்கிற சனம் நின்று சாப்பிடும் என்று வீட்டில் உட்கார்ந்து எழுதுவது எளிது. நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து இரவுவரை சேலை மடித்தபடி நிற்கிற வேலை. ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. சட்டம் போட்டுத்தான் உட்கார முடிகிற நிலையில் இருக்கிற எங்களுக்கு, கிடைக்கிற பத்து நிமிடத்திலும் நின்றுகொண்டே காபி குடிப்பதில் என்ன பெருமை? ஒரு மணி நேரம் வேண்டாம். கால் மணி நேரம் முதுகைச் சாய்க்க ஒரு பெஞ்சு போதும். அதுவும் இந்தச் சந்துகளில் கிடையாது.

தல்லாகுளம் வாசகி:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்துத்தூண் சந்து:
இல்லை. நீங்கள் கேட்பது குளிர்பதன அறையில் சோபா. நான் கேட்பது பெஞ்சு. என்னை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

விளக்குத்தூண்:
வீதி அகலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி அமைந்த வீதிகள். சித்திரைத் தேர் வருவது மாசி வீதிகளில். கோட்டைச் சுவரை 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்த பிறகு வந்தவைதான் வெளி வீதிகள். பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்ற பெயர்களே அந்த வேலையை நடத்தியவர்களுடையவை. அந்தக் கலெக்டரின் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். இந்த வீதிகளுக்குள் இருக்கிற மனைகள் ஒடுங்கிய முகப்பும் நீண்ட உடம்புமானவை. முன்னால் கல்லா, பின்னால் அடுப்பு, நடுவில் ஒரு வரிசை மேசை. இதில் எங்கே ஓய்வாக உட்காருவது? மாடிக்குத்தான் போக வேண்டும். மாடியில் காபிக்கடை வைக்க யாராவது துணிந்தால் நடக்கும்.

மேலமாசிக்காரன்:
வரலாறு சரி. ஆனால் இதில் அந்த அம்மாவுக்குப் பதில் இருக்கிறதே! ஊர் கட்டிய விதம் அப்படி. நடந்து போய்க்கொண்டே சாப்பிடுகிற நகரம் இது. ஓர் இடத்தில் இட்லி, அடுத்த தெருவில் காபி, அதற்கடுத்த முனையில் அல்வா. பாதாம் பிசினும் நன்னாரியும் கலந்த ஜிகர்தண்டாவோடு வீடு திரும்பலாம். கோயிலைச் சுற்றி நடப்பதுதான் எங்களுக்குப் பேச்சுக்கான இடம். என் நண்பர்களும் நானும் அப்படித்தான் பேசினோம். இருபது வயதில் அரசியலும் காதலும் கடனும் எல்லாம் அந்த நடையில்தான்.

தல்லாகுளம் வாசகி:
"என் நண்பர்களும் நானும்." அந்த நண்பர்களில் எத்தனை பெண்கள்? இரவு பத்து மணிக்கு வீதியைச் சுற்றி நடந்து அரசியல் பேசிய பெண் யாராவது உண்டா? எங்களுக்கு அந்த நடை கொடுக்கப்படவே இல்லை. அதனால்தான் நான்கு சுவரும் ஒரு மேசையும் கேட்கிறேன். பழைய ஓட்டல்களில் தட்டி வைத்து மறைத்த "குடும்ப அறை" ஒன்று இருக்கும். தனியாகப் போகிற பெண்ணை அதற்குள்ளும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இதற்கும் மாரட் வீதிக்கும் என்ன சம்பந்தம்?

இன்னும் ஒரு பெயர்கூட வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

காபி ஹவுஸ் அன்பன்:
தீர்வு கேரளத்தில் இருக்கிறது. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957 முதல் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். கொல்கத்தா கல்லூரித் தெருவில் ஒரு காபியோடு பொழுதெல்லாம் உட்காருகிறார்கள், புதுச்சேரி நேரு வீதியிலும் இந்தியன் காபி ஹவுஸ் உண்டு. திருவனந்தபுரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டித் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய காபி ஹவுஸைப் பாருங்கள். செங்கல் சுருள்போல மேலேறிக்கொண்டே போகும், அதன் ஓரம் முழுக்க இருக்கைகள். விலையும் எளியவருக்கு ஏற்றது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அப்படி ஒன்று வந்தால் கல்லாப்பெட்டி சொல்கிற வாடகைக் கணக்கும் பொருந்தாது. இலாபம் முதலாளிக்குப் போக வேண்டியதில்லையே. மாநகராட்சி இடம் கொடுத்தால் போதும்.

கல்லாப்பெட்டி:
"போதும்." மாநகராட்சி இடம் என்றால் ஏலம். ஏலம் என்றால் யார் எடுப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டாலே மனம் உருகுகிறவர்கள் ஒரு மாதம் பால் கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும்.

காபி ஹவுஸ் அன்பன்:
அறுபது ஆண்டுக்கு மேல் தொழிலாளர்கள் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் கடை எங்கே?

கல்லாப்பெட்டி:
கடை மூடியதை இழுக்கிற அளவுக்கு வந்துவிட்டீர்கள். நல்லது. இனி உங்களுக்குப் பதில் இல்லை.

சிக்கரி எதிரி:
காபி ஹவுஸ் காபி நன்றாக இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மேலமாசிக்காரன்:
கேரளத்துக் கூட்டுறவு, கோவைச் சாம்பார், கொல்கத்தா. எல்லா ஊரும் வந்துவிட்டது. மதுரையின் காபியை மட்டும் யாரும் பேசவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: மதியம் மூன்று மணி, டவுன் ஹால் ரோடு, எந்த ஓட்டலானாலும் சரி. உட்காருங்கள். ஒரு மணி நேரம் என்ன, ஒன்றேகால் மணி நேரம் உட்காருங்கள். எழுப்பினால் என்னிடம் வாருங்கள், நானே வந்து கேட்கிறேன்.

தல்லாகுளம் வாசகி:
நான் காபி குடிக்க உங்களைக் காவலுக்குக் கூட்டிப் போக வேண்டுமா? அதுவும் மூன்று மணிக்கு மட்டும்? வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மூன்று மணி எப்படிக் கிடைக்கும்? எனக்கு ஆறு மணிக்கு வேண்டும். அலுவலகம் விட்ட பிறகு, பஸ் ஏறுவதற்கு முன்.

மேலமாசிக்காரன்:
ஆறு மணி டிபன் நேரம். ஆறு மணிக்கு இடம் கேட்பது நியாயமே இல்லை. வடக்குக் கரைக்காரர்களுக்கு இந்த ஊரின் நேரமே தெரியவில்லை என்று நான் சொன்னது இதைத்தான்.

பத்துத்தூண் சந்து:
மூன்று மணிக்கு எங்களுக்கும் ஓய்வு கிடையாது.

கொங்குச் சாரல்:
எங்கள் ஊரில் ஆறு மணிக்கும் இடம் உண்டு.

மேலமாசிக்காரன்:
உங்கள் ஊரைப் பற்றித் தனித் திரி தொடங்குங்கள் ஐயா. இங்கே பேச்சு மாசி வீதி. மூன்று மணிக்கு இடம் இருக்கிறது. இருக்கிறது என்றால் இருக்கிறதுதான்.

தல்லாகுளம் வாசகி:
ஆறு மணிக்கு? பெயர்?