ஜிம்னி கூரையில் கேரியர்: ஒன்பதாவது வளைவில் கழன்ற நட்டு

என்னுடையது ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னி, 2023-இல் எடுத்தது. கேரியர் மாட்ட முதலில் போன கடையில், கூரைத் தகட்டைத் துளைத்து போல்ட் போட்டுத் தருகிறோம் என்றார்கள். மனசு ஒப்பவில்லை, திரும்பிவிட்டேன். இந்த வண்டிக்குத் துளையே வேண்டாம். கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் வடிய ஒரு காடி (gutter) விளிம்போடு நீளமாக ஓடுகிறது. கிளாம்ப் அதைக் கவ்வினால் எடை நடுத்தகட்டில் உட்காராமல் ஓரச் சட்டத்தில் இறங்கிவிடும். அந்தக் காலத்து அம்பாசிடர் டாக்ஸிகளில் கேரியர் நின்றதும் இப்படித்தான்.

தெரிந்த பட்டறையில் இரும்புக் குழாயில் செய்து, நான்கு கிளாம்ப் போட்டு மாட்டினோம். மறுநாளே ஆழியாறு வழியாக வால்பாறை. மேலே கூடாரம், தார்ப்பாய், அதோடு இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன். தண்ணீர் மட்டுமே 40 கிலோ! ஜிம்னியின் அகலம் 1645 மில்லிமீட்டர், உயரம் 1720. அகலத்தைவிட உயரம் கூடிய வண்டியின் தலையில் அவ்வளவு எடை ஏற்றினால் கொண்டையூசி வளைவில் எப்படிச் சாயும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. போதாததற்கு 'டக் டக்' என்று ஒரு சத்தம்.

ஒன்பதாவது வளைவில், அணை தெரியும் லோம்ஸ் வியூ பக்கம், ஓரங்கட்டி ஏறிப் பார்த்தேன். பின்பக்க இடது கிளாம்பின் நட்டு விரலாலேயே சுற்றியது. அடியில் பெயிண்ட் பிறை வடிவில் சுரண்டப்பட்டு வெறும் தகடு பளபளத்தது. மனசே ஆறவில்லை. வால்பாறை மழைக்குத் துரு பிடிக்க அது போதும். கேன்களை அங்கேயே இறக்கி, பின்சீட்டுக்கு முன்னால் தரையில் வைத்தேன். நட்டை முறுக்கிக்கொண்டு மெதுவாக ஏறினோம்.

ஊர் திரும்பியதும் பழைய இரும்புக் கடைத் தராசில் கேரியரை நிறுத்தேன்: 24 கிலோ. வண்டியின் கையேட்டில் உள்ள கூரைச் சுமை எல்லையில் இந்த எடையும் சேரும், அது போக மிச்சம்தான் சாமானுக்கு. தண்ணீர், பெட்ரோல், ஸ்டெப்னி எதையும் இப்போது மேலே ஏற்றுவதில்லை.

சுரண்டிய இடத்துக்கு பிரைமரும் பெயிண்டும் அடித்தேன். கிளாம்ப் ஆறாக்கி, ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பர் வைத்து, சாதா நட்டுக்குப் பதில், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் கழலாத நைலாக் நட்டு போட்டேன். அப்புறம் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும், ஸ்பேனரே வேண்டாம். புதிதாக மாட்டுகிறவர்கள் முதல் 50 கிலோமீட்டரில் கட்டாயம் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். எனக்கு அப்போதே இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது.

வேகமாகப் போகும்போது முன்குழாயில் விசில் அடித்தது. அதன் மேல் நைலான் கயிற்றை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றினேன், நன்றாகக் குறைந்துவிட்டது.

இப்போது தரையிலிருந்து கேரியர் உச்சி வரை 1.9 மீட்டர். எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன், தரைத்தளத்துக்குக் கீழே பார்க்கிங் நுழையுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ள.