சாமந்தியில் வாடிய பூவை எந்த இடத்தில் வெட்டுவது?

கேள்வி – தொட்டிச்செடி
வணக்கம். தொட்டியில் வைத்த சாமந்தி நிறையப் பூத்தது, முதலில் விரிந்தவை இப்போது பழுப்பாகின்றன. அதே கொத்தில் விரியாத மொட்டுகளும் ஒட்டி நிற்பதால் கத்தரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பூவை மட்டும் கிள்ளினால் போதுமா, காம்போடு எடுக்க வேண்டுமா? எடுத்தால் அங்கே மறுபடி மொட்டு வருமா?

பதில் – மண்வாசனை
காம்போடுதான் எடுக்க வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் வெறும் காம்பு அங்கேயே காய்ந்து நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்காது. கொத்தாகப் பூக்கும் ரகத்தில் பெரும்பாலும் நடுப்பூதான் முதலில் விரிந்து முதலில் வாடும். அதன் காம்பு பக்க மொட்டுகளின் காம்போடு சேரும் இடம் வரை விரலை இறக்கி, அந்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள், பக்க மொட்டுகள் தப்பிக்கும். கொத்து முழுக்க முடிந்த பிறகு, கீழே முதலில் தட்டுப்படும் நல்ல இலைக்கு மேலே அந்தக் கிளையையே வெட்டிவிடலாம். மொட்டா வாடிய பூவா என்று சந்தேகம் வந்தால் தொட்டுப் பாருங்கள், மொட்டு கெட்டியாக உருண்டையாக இருக்கும்.

பதில் – காலைநீர்
மேலே சொன்னது சரி. ஆனால் மறுபடி மொட்டு வருமா என்பதற்கு நேரான பதில், வெட்டிய இடத்தில் உடனே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாமந்தி குறும்பகல் செடி, இரவு நீளமானால்தான் மொட்டு வைக்கும். வாடியதை எடுப்பதால் இருக்கிற மொட்டுகள் தடையில்லாமல் விரியும், பூக்காலம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்: அடுக்கு இதழ்களுக்குள் ஈரம் தங்கி வாடிய பூவில் சாம்பல் பூசணம் பிடித்தால், பக்கத்து மொட்டுக்கும் தாவும். அதனால் மழை நாளில் தள்ளிப்போடாமல் வெட்டுங்கள், வெட்டியதைத் தொட்டியிலேயே போடாதீர்கள், தண்ணீரைப் பூமேல் படாமல் அடியில் ஊற்றுங்கள். சிலருக்கு இந்த இலையும் பூவும் பட்டால் தோல் அரிக்கும், அப்படியானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டிச்செடி
ரொம்ப நன்றி. இரவு நீளம் என்றதும் ஒரு சந்தேகம், செடிக்கு மேலேயே ஒரு விளக்கு இரவெல்லாம் எரிகிறது. அது கெடுக்குமா?

பதில் – காலைநீர்
இப்போது நிறம் காட்டிவிட்ட மொட்டுகள் விரிந்துவிடும். ஆனால் அடுத்த முறை மொட்டு வைப்பது தள்ளிப்போகலாம். பூ சீக்கிரம் வராமல் இருக்க, சாமந்தி வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுவார்கள். தொட்டிதானே, இருட்டான பக்கம் நகர்த்திவிடுங்கள், பகலில் மட்டும் நல்ல வெயில் கிடைக்கட்டும்.

பதில் – மண்வாசனை
அப்புறம் ஒன்று. எல்லாப் பூவும் முடிந்ததும் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு மனசே ஆறாது. தொட்டி மண்ணிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு, மேலே உள்ளதை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும், அவற்றை வேரோடு பிரித்துத் தனித் தொட்டியில் நட்டால் பழைய செடியைவிடத் திடமாக வரும். கன்று ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் பெருகும். மொட்டு தெரிந்த பிறகு மட்டும் நுனியில் கை வைக்காதீர்கள், அப்போது கிள்ளினால் பூவே போய்விடும்.