புதுப்பிப்பு: மைவி காருக்குப் பின்பக்க டயர் போட்டாச்சு

பழைய 1.3 பெரோடுவா மைவி காருக்குப் பின்னால் மட்டும் 185/60-14 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 விழுக்காடு, ரிம் 14 அங்குலம்) போடலாமா, முன்னால் 175/65-14 அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தேனே, போட்டுவிட்டேன். சுங்கை சிப்புட் கடையில் கையிருப்பு அந்த அளவில்தான் இருந்தது.

175/65இன் விட்டம் சுமார் 583 மி.மீ., 185/60 சுமார் 578. ஒரு விழுக்காடுகூட வித்தியாசமில்லை. சுமைக் குறியீடும் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்) இரண்டிலும் 82. தவுக்கே (கடை முதலாளி) 185/65 எடுத்துக் காட்டி "இதுவும் போகும் லா" என்றார். அது 596, வேண்டாம் என்றேன்.

ஜோடியாகத்தான் மாற்றினேன்; ஒரே அச்சில் இரண்டு அளவு கூடவே கூடாது. பக்கச்சுவரில் 1225 என்றிருந்தது, அதாவது 2025இன் 12ஆவது வாரத்தில் செய்தது. சரி, புதுச் சரக்குதான்.

இது முன்சக்கர ஓட்ட வண்டி (இன்ஜின் முன்சக்கரங்களைத்தான் சுழற்றும்), அதனால் புது டயர் முன்னால்தான் போகணும் என்று சில அண்ணன்மார் சொன்னீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மழையில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கால் பிடிப்பது சிரமம். செம்பனை லோரிகள் சேற்றை இழுத்துவிடும் நம் தோட்டச் சாலையில் கேட்கவே வேண்டாம்!

குழியில் கொஞ்சம் கூடுதலாகத் தட்டுகிறது. ஸ்பேர் இன்னும் 175/65தான். பின்னால் பஞ்சரானால் அவசரத்துக்கு மட்டும் அதை மாட்டி மெதுவாகக் கடை வரை உருட்டலாம். அப்புறம், முன் டயர் தேய்ந்ததும் அங்கேயும் 185/60தான்.