சிலம்பம், குத்துவரிசை, ஜூடோ: மூன்றையும் ஒரே பள்ளியில் பயிலலாமா?

வைகைக்கரை:
வணக்கம். என் மகளுக்கு 11 வயது. மதுரையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள திடலில், ஓர் ஆசானிடம் எட்டு மாதங்களாகச் சிலம்பமும் அதனோடு வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையும் கற்று வருகிறாள். சென்ற மாதம் முதல் அதே பள்ளியில் ஞாயிறுதோறும் ஒரு பயிற்சியாளர் வந்து ஜூடோ கற்றுத் தருகிறார். தனிக் கட்டணம் இல்லை என்பதால் அதிலும் சேர்த்துவிட்டேன். எதிரே நிற்கும் பிள்ளை சட்டைக் கழுத்தைப் பிடித்தவுடன் இவள் பின்வாங்குகிறாள். மறுகணமே மல்லாந்து விழுகிறாள். கம்பு சுற்றிப் பழகிய கால் ஜூடோவுக்கு ஒத்துவராது என்று வீட்டில் பேச்சு. ஆசானோ, எல்லாம் சேர்ந்தால்தான் முழுமை என்கிறார். ஒன்றில் தேறிய பிறகு மற்றதற்குப் போவதுதான் முறையா?

மூங்கில்கம்பு:
உங்கள் மகள் தவறு செய்யவில்லை. கம்பு கற்றுக்கொடுத்ததைத்தான் செய்கிறாள். நெற்றி உயரக் கம்பைக் கையில் பிடித்தவருக்கு, எதிராளியை வீச்சுக்கு அப்பால் நிறுத்தி வைப்பதே காப்பு. சிலம்பமும் குத்துவரிசையும் ஒரு தாய்ப் பிள்ளைகள். கம்பைக் கீழே வைத்த பிறகும் அதே காலடியில் கைகள் வேலை செய்யும் என்பதால் அவை ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஜூடோ அப்படியன்று. வீச்சோடு உடம்பு திரும்பும்போது காலைக் குறுக்கே எடுத்து வைப்பது நமக்கு இயல்பு. ஜூடோவில் அப்படி வைத்த காலை வாரிவிடுவார்கள். காலடி வரிசை யோசிக்காமல் வரும் வரையிலாவது புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

வெள்ளைநாடா:
காத்திருக்கத்தான் வேண்டும் என்று மேலே சொன்ன நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. ஜூடோவே கலந்து பிறந்த கலை. அதை உருவாக்கிய கானோ ஜிகோரோ, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் தாம் பயின்ற இரண்டு மரபுகளிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார்; 1922இல் ஒகினாவாவின் கராத்தே ஆசான் ஃபுனகோஷியை அங்கே அழைத்துக் கராத்தேயைச் செய்து காட்டவும் வைத்தார். கராத்தேக்காரர்கள் இன்று கட்டும் நாடாவும் அணியும் வெள்ளை உடையும் ஜூடோவிலிருந்து வந்தவைதாம்.

உங்கள் மகள் விழுவதற்குக் காரணம் எளிது. பிடிபட்ட நிலையில் பின்வாங்குபவரின் எடை குதிகாலுக்குப் போய்விடுகிறது. அந்தக் காலை வெளிப்புறமாக வாரித் தள்ளுவதற்கே ஓசோதோகாரி என்றொரு பாடம் இருக்கிறது. கால்களைக் குறுக்கிடாமல், ஒரு காலை வைத்து மற்றதை அதன் அருகே இழுத்து நகரும் நடையைப் பழகினால் இது சில வாரங்களில் மாறும். அதைவிட முக்கியம், விழும் விதம். தாடை நெஞ்சை ஒட்டியிருக்க வேண்டும். தலையின் பின்புறம் தரையைத் தொடவே கூடாது. கை முழுவதும் உடம்பிலிருந்து சற்று விலகி மெத்தையில் அறைய வேண்டும். இது கைவராத பிள்ளையை எறிந்து பழகவே கூடாது. கம்பு சுற்ற ஏற்ற மண் தரை எறிதலுக்கு ஆகாது. அங்கே மெத்தை இருக்கிறதா?

இரு பிள்ளைகளின் தாய்:
என் பிள்ளைகள் முன்பு பயின்ற ஒரு பள்ளியின் பலகையில் ஐந்து கலைகளின் பெயர் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் ஒருவரே. ஒரே ஆண்டில் மூன்று சான்றிதழ்கள் வந்தன. ஒரு வீச்சும் ஒழுங்காக வரவில்லை. உங்கள் பள்ளியில் ஜூடோவுக்குத் தனி ஆள் வருகிறார் என்பதே நல்ல அறிகுறி. ஆசானும் அவரும் ஒருவர் வகுப்பை மற்றவர் நின்று பார்க்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். அரசு வேலைக்கான 3 விழுக்காட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருப்பதால், சான்றிதழை எந்தச் சங்கம் தருகிறது என்பதையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. இன்று காலை போய்ப் பார்த்தேன். மெத்தைகள் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகள் விழ விழ அவை விலகி, நடுவே ஒரு சாண் இடைவெளி விழுகிறது. ஆசானிடம் காட்டினேன், சுற்றிலும் மரச்சட்டம் அடித்துத் தருவதாகச் சொன்னார். அதுவரை எறிதல் இல்லை, விழுந்து பழகுவது மட்டுமே என்று ஜூடோ பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டார். மகளுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.