புதுப்பிப்பு: எங்கள் பள்ளி மாணவர்களின் நூல் அறிக்கைகள்

எங்கள் கிறிஸ்தவப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் நூல் அறிக்கை, கதைச் சுருக்கமும் இறுதியில் ஒரு வேத வசனமுமாகவே முடிந்துவிடுகிறதே என்று முன்பு இவ்விழையில் கேட்டிருந்தேன். முழு நூலுக்குப் பதிலாக ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் நூலிலிருந்தே சான்று கேட்கலாம் என்று பலர் கூறிய யோசனையைப் பின்பற்றினோம். நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

எடுத்துக்கொண்ட நூல், ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'; கிறிஸ்தியான் என்பவன் பாவச் சுமையை முதுகில் தாங்கி மோட்சத்தை நோக்கிச் செல்லும் உருவகக் கதை. (அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகத்தை அடுத்த பருவத்திற்கு வைத்திருக்கிறோம்.) சிலுவையடியில் கிறிஸ்தியானின் முதுகுச் சுமை விழும் இடத்தைப் பற்றி எழுதிய ஒரு மாணவன், அச்சுமையை அவன் அவிழ்க்கவில்லை, அது தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுந்தது என்பதைக் கவனித்து, அது அவ்வாறே விழும் என்று பயணத்தின் தொடக்கத்தில் கிறிஸ்தியான் நுழையும் இடுக்கமான வாசலில் முன்னரே சொல்லப்பட்டதையும் சான்றாகக் காட்டியிருந்தான்.

மனைவி மக்கள் கூப்பிட்டும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய கிறிஸ்தியானைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்று ஒரு மாணவி எழுதினாள். பக்திநூலை மறுத்து எழுதலாமா என்று சக ஆசிரியர் தயங்கினார்; உரிய வரிகளைக் காட்டி நேர்மையாக எழுப்பிய கேள்வி என்பதால் முழு மதிப்பெண் அளித்தேன். அந்த மனைவியும் பிள்ளைகளும் மேற்கொள்ளும் பயணத்தைச் சொல்லும், 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தை அவள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறாள்.