ஃபாக்லாந்து நெடுநடை, 1982: பயிற்சி இருந்தால் சுமை ஒரு பொருட்டில்லையா?

வடமலை எழுதியது:

படைவீரர் சுமக்கும் எடைக்கு, அவரது உடல் எடையில் இத்தனை விழுக்காடு என்று உச்சவரம்பு வேண்டும் எனக் கேட்பவர்கள், தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டபோது, 1982ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கிழக்கு ஃபாக்லாந்தில் நடந்ததை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டு, ஆட்களையும் சரக்கையும் தூக்கிச் செல்லும் சினூக் ஹெலிகாப்டர்களில் ஒன்றைத் தவிர மற்றவை அழிந்துபோனதால், பிரிட்டனின் 45 கமாண்டோ பிரிவினர் ஆளுக்கு ஏறத்தாழ 36 கிலோ சுமையுடன் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டரை மூன்று நாட்களில் நடந்தே கடந்தார்கள். ஜூன் 11 இரவில் அதே பிரிவுதான் அர்ஜென்டினப் படை வசமிருந்த ‘டூ சிஸ்டர்ஸ்’ குன்றின் மீது தாக்குதல் தொடுத்து அதைக் கைப்பற்றியது. முறையான பயிற்சி பெற்ற உடல் சுமைக்குப் பழகிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

செவ்வந்தி எழுதியது:

நான் இயன்முறை மருத்துவம் பார்ப்பவள் என்பதால், நடந்து முடித்தார்களா என்பதைவிட எப்படி நடந்தார்கள் என்பதே என் கண்ணில் முதலில் படுகிறது. முதுகில் எடை ஏறியதும் உடலின் எடைமையம் பின்னுக்கும் மேலுக்கும் போகிறது; விழாமல் இருக்க உடற்பகுதி முன்னே சாய்கிறது, தலை அதற்கும் முன்னே நீள்கிறது, கழுத்துத் தசைகளும் கீழ் முதுகுத் தசைகளும் ஓய்வே இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எட்டி வைக்கும் அடி சற்றுக் குறுகுகிறது, இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை, ஏற்றிய எடைக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் உயர்கிறது. தசை சோராதவரை அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். சோர்ந்த பிறகு அது எலும்புக்குப் போகிறது. பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855ஆம் ஆண்டிலேயே நெடுநடை சென்ற வீரர்களின் வீங்கிய, வலிக்கும் பாதங்களைப் பற்றி எழுதிவிட்டார்; அது பாத எலும்பில் விழும் விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெளிவாயிற்று.

தோளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையின் வார் தோளின் மேற்பகுதியை மணிக்கணக்கில் அழுத்தும்போது, கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் நசுங்கிக் கை மரத்துப்போகலாம், வலுவிழக்கலாம். சிலருக்குத் தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் பின்னால் புடைத்து நிற்கும். பெரும்பாலோருக்கு இது குணமாகிவிடும் என்றாலும், துப்பாக்கி ஏந்த வேண்டிய கையில் சில வாரங்களுக்கு வலுவில்லை என்பது படைக்குச் சிறிய இழப்பா?

வடமலை எழுதியது:

நீங்கள் சொல்லும் காயங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் எதைக் கீழே போடச் சொல்கிறீர்கள்? அமெரிக்கத் தரைப்படை தன் 1990ஆம் ஆண்டுக் கையேட்டில், சண்டையின்போது தூக்கும் சண்டைச் சுமை 48 பவுண்டுக்கும், களத்தை நோக்கி நடக்கும்போது தூக்கும் அணிநடைச் சுமை 72 பவுண்டுக்கும் மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்தது. 2003ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் வீரர்களோடு வீரர்களாகச் சென்று எடைபோட்டுப் பார்த்தபோது, சாதாரணத் துப்பாக்கி வீரர் ஒருவரின் சண்டைச் சுமையே சராசரி 63 பவுண்டு, அணிநடைச் சுமை 96 பவுண்டு. கவசம், குண்டுகள், தண்ணீர், மின்கலங்கள் ஆகியவற்றில் எது ஆடம்பரம்? வரம்பைத் தாளில் எழுதுவது எளிது. குண்டு தீர்ந்து நிற்பவனிடம் அந்தத் தாளைக் காட்ட முடியாது.

நெடுவழி எழுதியது:

காலாட்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். நீங்கள் இருவரும் மொத்த எடையையே பேசுகிறீர்கள். அந்த எடை உடலில் எங்கே உட்காருகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காலணியில் ஏறும் 1 கிலோ, முதுகில் ஏறும் 4 முதல் 6 கிலோ வரையான எடைக்கு ஈடான ஆற்றலைத் தின்னும். இடுப்புப் பட்டையும் சட்டகமும் உள்ள பை, எடையில் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிவிடும். ஆனால் மார்புக் கவசமும் குண்டுப் பைகளும் இடுப்பைச் சுற்றி அடைத்துக்கொண்டால் அந்தப் பட்டையை ஒழுங்காக இறுக்கவே முடியாது. எடையை மார்பிலும் முதுகிலும் சமமாகப் பிரித்தால் முன்சாய்வு குறையும் என்பது உண்மையே, ஆனால் அப்படிக் கட்டிக்கொண்டவனால் தன் காலடியைப் பார்க்கவும் முடியாது, தரையோடு தரையாகத் தவழவும் முடியாது. சுமையோடு மேடு ஏறுவதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். முழங்காலைக் கேட்டால், தனக்கு வலிப்பது மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் என்று சொல்லும்.

தரையும் ஒரு சுமைதான். சுமையோடு நடக்க உடல் செலவிடும் ஆற்றலைக் கணிக்க, 1977ஆம் ஆண்டு பாண்டால்ஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த கணக்கில் தார்ச்சாலைக்குத் தரை மதிப்பு 1.0 என்றால், சதுப்பு நிலத்துக்கு 1.8. ஃபாக்லாந்தின் தரை ஈரம் ஊறிய கரிச்சதுப்பு. எனவே வடமலை சொல்லும் 36 கிலோவைச் சாலையில் தூக்கிய 36 கிலோவாக எண்ணக் கூடாது.

செவ்வந்தி எழுதியது:

நெடுவழி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மாறாத வேகத்தில் இரண்டு மணி நேரம் நடந்தவர்களுக்கு 25 கிலோ சுமையில் ஆற்றல் செலவு நிலையாக இருந்தது. 40 கிலோவிலோ நேரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே போனது. அதாவது ஓர் அளவைத் தாண்டிய பிறகு, அதே வேகத்தில் நடப்பதற்கே உடல் மேலும் மேலும் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சியால் உடல் பழகும் என்கிறார் வடமலை. தசை சில வாரங்களில் பழகும். எலும்பு அப்படியன்று: புதிய பளுவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்தும்போது முதலில் பழைய பகுதியை அரித்தெடுத்துவிட்டு, பிறகுதான் புதியதை நிரப்புகிறது. அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிட மெலிந்திருக்கும் என்பதால்தான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொடக்க வாரங்களில் விரிசல்கள் அதிகமாக விழுகின்றன. ஆகவே நான் கேட்பது, பயிற்சிக் காலத்தில் எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்து உயர்த்தாமல் இருப்பதும், உறக்கத்தைக் குறைக்காமல் இருப்பதும்தான். போர்க்களத்தில் எதைத் தூக்குவது என்பதைத் தளபதியே முடிவு செய்யட்டும்.

வடமலை எழுதியது:

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் உடல் எடையில் இத்தனை விழுக்காடு என்று களத்துக்கும் வரம்பு வைப்பதை எதிர்க்கிறேன். இயந்திரத் துப்பாக்கி, தூக்குபவரின் எடையைப் பார்த்துத் தன் எடையைக் குறைத்துக்கொள்ளாது.

நெடுவழி எழுதியது:

அதனால்தான் விழுக்காட்டில் பேச வேண்டியிருக்கிறது, நண்பரே. உங்கள் 36 கிலோ, 85 கிலோ எடையுள்ளவருக்கு 42 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 விழுக்காடு. இருவரையும் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் நடக்கவிட்டால் முதலில் யார் கால் போகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. இயந்திரத் துப்பாக்கியை மணிக்கொரு முறை கைமாற்றுவதும், வரிசையின் வேகத்தை மெலிந்தவரை வைத்து வகுப்பதும் பிரிவுத் தலைவரின் கையில் இருக்கின்றன. உங்கள் கமாண்டோக்களும் குன்றின் மீது தாக்கப் போனபோது பெரிய பைகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.