ஆஃப்லோட்: சுமையிறக்கமா, ஒப்படைப்பா, கையளிப்பா?

பொருள்: கலைச்சொல் வேண்டும் – ஆஃப்லோட்
அனுப்புநர்: கோவை

அனைவருக்கும் வணக்கம்.

கம்பிவழி இணைப்பு மெதுவாக இருந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று லினக்ஸ் பயனர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வைஃபை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பி என்றால் வேகமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிணைய அட்டையை ஓட்டும் மென்பொருளான இயக்கி சரியில்லை என்றால் கம்பியும் படுத்துவிடும். கையேட்டில் பெரும்பாலான சொற்களுக்குச் சிக்கல் இல்லை. இயக்கி, பிணைய அட்டை, பொட்டலம், சட்டகம் எல்லாம் புழக்கத்தில் இருப்பவைதான். மாட்டிக்கொண்டது ஆஃப்லோட், அதாவது மையச்செயலியின் வேலையை அட்டையிடம் தள்ளிவிடுவது, என்ற ஒரே சொல்லில்.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் 64 கிலோபைட் தரவை அனுப்பச் சொல்கிறது என்று வையுங்கள். கம்பிவழிப் பிணையமான ஈதர்நெட்டில் தரவு போகும் சட்டகம் ஒன்று வழக்கமாகச் சுமப்பது 1500 பைட். அதில் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போனால் தரவுக்கு மிச்சம் 1460. ஆக, 45 துண்டாக நறுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒட்டி, வழியில் தரவு கெட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புத் தொகையும் போட வேண்டும். கிகாபிட் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 81,000 முழுச் சட்டகங்கள் போகும். இத்தனையையும் மையச்செயலியே உட்கார்ந்து நறுக்கினால் மற்ற வேலைக்கு நேரம் குறையும். அதனால் இயங்குதளத்தின் உள்மையமான கர்னல் மொத்தத்தையும் அட்டையிடம் கொடுத்து, நீயே நறுக்கிக்கொள் என்று விட்டுவிடுகிறது. இதற்குப் பெயர் டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோட், சுருக்கமாக டிஎஸ்ஓ. விண்டோஸில் இதே சங்கதி லார்ஜ் சென்ட் ஆஃப்லோட் என்ற பெயரில், டிவைஸ் மேனேஜரில், அட்டையின் அட்வான்ஸ்டு தாவலுக்குள் இருக்கும்.

ஒழுங்காக ஓடும்வரை இதன் பெயர் யாருக்கும் தேவைப்படாது. அட்டைக்கும் இயக்கிக்கும் ஒத்துப்போகாதபோதுதான் தேவை. அட்டை பாதியில் நின்றுவிடும், அனுப்பும் வரிசை காலாவதியாகும், இயக்கி அட்டையை மீட்டமைக்கும், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். பயனர் பார்ப்பது 'நெட் ஸ்லோ' என்பதை மட்டும். இன்டெல் அட்டைகளுக்கான இ1000இ இயக்கியில் கர்னல் பதிவில் 'டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்ற வரி வந்தால், டிஎஸ்ஓவை அணைத்துப் பார் என்பதுதான் பலரும் சொல்லும் முதல் வைத்தியம். ரியல்டெக் அட்டைகளுக்கான ஆர்8169 இயக்கியின் மூலநிரலில் அதை எழுதியவர்களே ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள்: டிஎஸ்ஓவை இயக்கினால் அனுப்புதல் காலாவதியாகிறது என்று பல புகார்கள், நிறையப் பேருக்கு நன்றாகவும் ஓடுகிறது, ஆகவே இயல்பில் அணைத்து வைக்கிறோம், வேண்டுபவர் தம் பொறுப்பில் இயக்கிக்கொள்ளலாம். இவ்வளவு நேர்மையான குறிப்பை மென்பொருளில் அடிக்கடி பார்க்க முடியாது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். முதலில் நினைவுக்கு வருவது 'சுமையிறக்கம்'. அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "இணைப்பு மெதுவாக இருந்தால் சுமையிறக்கத்தை நிறுத்துங்கள்." படிப்பவர் ஓடிக்கொண்டிருக்கும் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, ஆமாம், வேகம் கூடிவிட்டது என்று சந்தோஷமாகப் போய்விடுவார். பதிவிறக்கம், தரவிறக்கம் இரண்டும் ஊறிப்போன மொழியில் பிணையம் பற்றிய கையேட்டில் இன்னொரு 'இறக்கம்' வேண்டாம் என்பது என் கட்சி.

என் பரிந்துரை 'ஒப்படைப்பு'. யாரோ ஒருவரிடம் வேலையைக் கொடுக்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. டிஎஸ்ஓ 'துண்டாக்க ஒப்படைப்பு' ஆகும். கருத்துச் சொல்லுங்கள்.

அனுப்புநர்: மதுரை

தம்பி, வணக்கம். நான் கணினிக்காரன் இல்லை, முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

'இறக்கம்' குழப்பும் என்பதை ஏற்கிறேன். ஆனால் 'சுமை'யைக் கைவிட மனம் வரவில்லை. மையச்செயலியின் சுமை என்று ஏற்கெனவே எழுதுகிறீர்கள். அந்தச் சுமைதானே குறைகிறது? ஊர் எல்லையில் வழிநடையாகப் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்கக் கல் நட்டிருப்பார்கள், சுமைதாங்கி என்று. அட்டை செய்வதும் அதுதான் என்றால் 'சுமைதாங்கல்' என்று சொல்லிப் பார்க்கலாமே. சொல்லும் புதிது, உருவமும் கண்ணுக்குத் தெரிகிறது.

'ஒப்படைப்பு' எனக்குப் பதிவாளர் அலுவலக வாசனை அடிக்கிறது. சாவி ஒப்படைப்பு, பொறுப்பு ஒப்படைப்பு என்றுதான் காதில் விழுகிறது.

இன்னொன்று, இதற்குத் தொடர்பில்லாதது. 'இயக்கி' என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் தென்மாவட்டத்துக்காரனான எனக்கு இசக்கியம்மன்தான் கண்முன் வருகிறாள். அவளும் கோபித்தால் எல்லாம் நின்றுதான் போகும். மாற்றச் சொல்லவில்லை, வேரூன்றிவிட்டது.

அனுப்புநர்: யாழ்ப்பாணம்

அண்ணாமாருக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

'ஒப்படைப்பு' பற்றி எங்கள் பக்கத்துச் சிக்கல் ஒன்று. இலங்கையில் 'ஒப்படை' என்றால் மாணவர்கள் செய்து கொடுக்கும் பயிற்சி வேலை. பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் அதுதான் வழக்கு. நான் வலையமைப்பு ஆய்வுகூடத்தில் நின்றுகொண்டு "ஒப்படைப்பை நிறுத்துங்கோ" என்று சொன்னால் வகுப்பே கைதட்டும்.

சுமைதாங்கல் அழகு, ஐயா. ஆனால் அந்தக் கல்லில் சுமை சும்மாதான் இருக்கும். இளைப்பாறிவிட்டு அதே ஆள் அதே சுமையைத் தூக்கிக்கொண்டு போவார். இங்கே அட்டை வேலையைச் செய்து முடித்துத் தானே அனுப்பிவிடுகிறது, மையச்செயலிக்கு அது திரும்பி வருவதே இல்லை. உருவம் பொருந்தவில்லை.

நாங்கள் அன்றாடம் எழுதுவது 'கையளித்தல்'. ஆவணத்தைக் கையளித்தார், காணியைக் கையளித்தார்கள் என்று பத்திரிகையில் தினமும் வரும். தமிழ்நாட்டிலும் விளங்காத சொல் இல்லை என்று நினைக்கிறேன். 'கையளிப்பு' வைக்கலாமா?

வகுப்பில் இதற்கு ஒரு நல்ல சொல் எனக்கு எப்போது தேவைப்படுகிறது என்றும் சொல்கிறேன். பிணையத்தில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் மாணவர்கள் பொதிகளை, நீங்கள் சொல்லும் பொட்டலங்களை, பிடிப்பார்கள். தங்கள் கணினியிலிருந்து வெளியே போகும் பொதிகளில் மட்டும் சரிபார்ப்புத் தொகை பிழை என்று காட்டும். உடனே இயக்கி பிழை, அட்டை பிழை என்று முடிவுகட்டுவார்கள். பிழை எதுவும் இல்லை. தொகை போடும் வேலை அட்டையிடம் போயிருக்கிறது. வயர்ஷார்க் பொதியைப் பார்ப்பதோ அது அட்டைக்குப் போகும் முன். இன்னும் போடாத தொகையைப் பார்த்துத்தான் பிழை என்கிறது. அதே பொதியை எதிர்முனைக் கணினியில் பிடித்தால் சரியாக இருக்கும். "தொகை கையளிக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம்.

அனுப்புநர்: சென்னை

'கையளிப்பு' எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு ஆட்சேபங்கள்.

ஒன்று சின்னது. கைபேசிப் பிணையத்தில் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பு மாறுவதற்கும் யாராவது 'கையளிப்பு' என்று போட்டுவிடுவார்கள். அதற்குக் 'கைமாற்றம்' என்று இப்போதே துண்டு போட்டு இடம் பிடித்துவிடலாம். கைமாற்று என்றால் கடன்தானே என்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும்.

இரண்டாவதுதான் பெரிது. அட்டையின் அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையில் சிறிய 'கே' கொடுத்துப் பாருங்கள். டிஎஸ்ஓவுக்கு அருகிலேயே ஜிஎஸ்ஓ இருக்கும், ஜெனரிக் செக்மென்டேஷன் ஆஃப்லோட். பெயரில் ஆஃப்லோட் இருந்தாலும் அதில் யாரிடமும் எதையும் கொடுப்பதில்லை. நறுக்கும் வேலையைக் கர்னலே செய்கிறது. பெரிய கட்டியாகவே பிணைய அடுக்குகள் வழியே இறக்கி, இயக்கியின் வாசலுக்கு வந்தபிறகு கடைசி நிமிடத்தில் நறுக்குகிறது. 45 முறை அடுக்குகளைத் தாண்ட வேண்டியது ஒரே முறையாகிவிடுவதால் நேரம் மிச்சமாகிறது. அட்டைக்கு இதில் பங்கே இல்லை. இதைப் போய்க் 'கையளிப்பு' என்றால், ஆங்கிலத்தில் செய்த பிழையை நாம் தமிழில் நகலெடுக்கிறோம்.

என்னைக் கேட்டால் அது 'துண்டாக்க ஒத்திவைப்பு'.

பெறும் பக்கத்தில் ஜிஆர்ஓவும், ஜெனரிக் ரிசீவ் ஆஃப்லோட், அப்படித்தான். வரும் சிறு பொட்டலங்களைக் கர்னல் சேர்த்துப் பெரிதாக்கி மேலே அனுப்புகிறது. அதற்குப் 'பெறுகைத் தொகுப்பு' போதும். அதற்கு முந்தைய எல்ஆர்ஓ, லார்ஜ் ரிசீவ் ஆஃப்லோட், வேறு ஜாதி: பல அட்டைகளில் வன்பொருளிலேயே சேர்ப்பு நடக்கும், சேர்த்ததைப் பழையபடி பிரிக்கத் தேவையான விவரம் தொலைந்துவிடும். பொட்டலங்களை இன்னொரு பிணையத்துக்கு அனுப்பிவைக்கும் கணினியில் அது இருக்கவே கூடாது. உங்கள் கையேடு மேசைக்கணினிக்கு என்பதால் ஒரு வரி போதும்.

ஒருவர் ஆங்கிலத்தில் தேடும்போது எல்லாவற்றிலும் ஆஃப்லோட் என்று இருக்குமே, தமிழில் வேறு வேறாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் முழுப் பதில் இல்லை.

அனுப்புநர்: கோவை

எல்லோருக்கும் நன்றி. 'ஒப்படைப்பு'க்கு நான் வாதாடப் போவதில்லை. யாழ்ப்பாண வகுப்பு கைதட்டும் சொல்லைக் கையேட்டில் வைக்க முடியாது. 'கையளிப்பு' இரு பக்கமும் புரிகிறது, 'இறக்கம்' இல்லை, யார் கையில் வேலை போகிறது என்ற கேள்வியையும் அதுவே எழுப்புகிறது. எடுத்துக்கொள்கிறேன்.

ஜிஎஸ்ஓ பற்றிச் சென்னை நண்பர் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். ஆங்கிலத்தோடு ஒட்டியே போகலாம் என்றுதான் முதலில் இருந்தேன், தேடுவதற்கு வசதி என்று. பிறகு கையேட்டின் அந்தப் பக்கத்தை எழுதிப் பார்த்தபோது மனம் மாறியது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான அறிவுரை டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் சேர்த்து அணைக்கச் சொல்கிறது. மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வரும் வினை இது. அட்டை நறுக்கத் தெரியாமல் திணறினால் டிஎஸ்ஓவை மட்டும் அணைத்துப் பார்ப்பதுதான் முறை. அப்போது ஜிஎஸ்ஓ இருந்தால் கர்னல் கடைசி நிமிடத்தில் நறுக்கிக்கொள்ளும், மையச்செயலிக்கு அடி அவ்வளவு பலமாக இருக்காது. அதையும் சேர்த்து அணைப்பது காரணம் தெரியாமல் மருந்து சாப்பிடுவது. "கையளிப்பை நிறுத்துங்கள், ஒத்திவைப்பை விட்டுவையுங்கள்" என்று தமிழில் எழுதினால் படிப்பவருக்கு எது எங்கே நடக்கிறது என்று தெரிகிறது. தேடுவதற்கு டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ என்ற சுருக்கங்கள் பக்கத்திலேயே இருக்கும். கட்டளையில் தட்டப்போவதும் அவற்றைத்தான்.

கையேட்டின் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

"முதலில் கம்பியைச் சந்தேகப்படுங்கள். ஈத்டூல் வேகத்தை 100 என்று காட்டினால் இயக்கிமேல் பாயாதீர்கள். கிகாபிட்டுக்குக் கம்பியின் நான்கு இணைகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். மற்ற இரண்டில் ஓர் இணை அறுந்தாலோ முனையில் சரியாகக் கவ்வாவிட்டாலோ இணைப்பு 100-க்கு இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். 1000 என்று காட்டியும் வேகம் இல்லை என்றால், அதே பிணையத்தில் இருக்கும் இன்னொரு கணினியோடு, வேகம் அளக்கும் நிரலான ஐபெர்ஃப்3 வைத்து இரு திசையிலும் அளங்கள். நல்ல கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட்டை ஒட்டி வரும். பெறுவது நன்றாக இருந்து, அனுப்புவது மட்டும் விழுந்து விழுந்து எழுந்தால் துண்டாக்கக் கையளிப்பைச் சந்தேகப்படலாம். நறுக்குவது அனுப்பும் பக்கத்து வேலை. ஈத்டூலில் பெரிய 'கே' கொடுத்து டிஎஸ்ஓவை மட்டும் அணைத்து மறுபடி அளங்கள். சிறிய 'கே' காட்டும், பெரிய 'கே' மாற்றும். சரியானால், மறுதொடக்கத்தில் இது பழைய நிலைக்குப் போய்விடும் என்பதை மறக்காமல், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்புக்கான ஈத்டூல் அமைப்பிலேயே எழுதிவையுங்கள். மாறவில்லை என்றால் டிஎஸ்ஓவை மறுபடி இயக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்."

கடைசி வரி முக்கியம். அணைத்துப் பார்த்துப் பயனில்லாத எல்லாவற்றையும் அணைத்தபடியே விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று தெரியாமல் நிற்கும் கணினிகளை நிறையப் பார்த்தாயிற்று.

அடுத்த பக்கம் மின்சேமிப்பு பற்றியது, எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட். அதற்குச் சொல் தேடித் தனி மடல் போடுகிறேன். இப்போதைக்குச் சொற்பட்டியலில் சேர்ப்பவை: கையளிப்பு, டிஎஸ்ஓவுக்குத் துண்டாக்கக் கையளிப்பு, சரிபார்ப்புத்தொகை கையளிப்பு, ஜிஎஸ்ஓவுக்குத் துண்டாக்க ஒத்திவைப்பு, ஜிஆர்ஓவுக்குப் பெறுகைத் தொகுப்பு. வெள்ளிக்கிழமை வரை மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அனுப்புநர்: மதுரை

சுமைதாங்கல் போனதில் வருத்தம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்ன காரணம் சரி, மறுக்க முடியவில்லை.

ஒரு திருத்தம் மட்டும். 'துண்டாக்கக் கையளிப்பு' என்று ஒற்றுப் போட்டுவிட்டு 'சரிபார்ப்புத்தொகை கையளிப்பு' என்று ஒற்றில்லாமல் விட்டிருக்கிறீர்கள். தொகையைக் கையளிப்பது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக நினைத்தீர்களோ என்னவோ. கலைச்சொல்லாக ஒன்றி நிற்கும்போது 'சரிபார்ப்புத்தொகைக் கையளிப்பு' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பட்டியலில் சேர்க்கும் முன் மாற்றிவிடுங்கள் தம்பி.